மூக்கு பணிதல்

வாசாவிலிருந்து தீவுக்கு நாற்பது நிமிடம்.
அதற்குள் முந்நூறு அறை, அத்தனையும் இடுப்பில்.
பத்தொன்பதடிப் படகு
மூக்கால் மேகத்தை முகர்ந்துகொண்டே போகும்;
தட்டை வயிறு அலைமேல் பொத்தென்று விழும்.
மெதுவாகப் போயேன், என்பான் ரூரிக்.
மெதுவாகப் போனால்
இன்னும் தூக்குகிறதே மூக்கை.

நவம்பரில் படகு தார்ப்பாய்க்குள் உறங்க
சமையல் மேசையில் விலைப்பட்டியல்.
பின்பலகையின் இரு ஓரத்திலும் ஒரு தகடு.
அது தாழ்ந்தால் பின்புறம் எழும்,
முன்கூர் இறங்கி அலையை அறுக்கும்.
சூத்திரம் இவ்வளவே. வழக்கு
நீளமா அகலமா என்பதில்.

அகலம், என்றாள் கடைக்கார ஹில்லெவி போனில்,
இழுவை குறைவு. உங்களிடம் இடம் இருக்கிறதா?
டேப்போடு பனியில் இறங்கினேன்.
வலப்புறம் பதினாலு அங்குலம்.
இடப்புறம், ஏணி தின்றது போக, பதினொன்று.
பன்னிரண்டு வாங்கினேன்.
ஏணி இடம் மாறியது.

படிவத்தில் இன்னொரு கேள்வி:
துணை இருக்கையில் எவ்வளவு எடை?
ரூரிக் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்தினான்.
நூறு, என்றது தாள்.

மே. வடமேற்குக் காற்று,
ஆழமில்லாத போத்னியாவின் குட்டைக் கோபம்.
பொத்தானை ஒரு நொடி அழுத்தினேன்,
அவன் பக்கத்துக்கு அரை நொடி கூடுதலாக.
அறை
சீறலாயிற்று.
இடதில் சாய்ந்தே கிடந்த அடிவானம்
நிமிர்ந்து உட்கார்ந்தது.

திரும்பும்போது காற்று முதுகில்.
தகட்டை உயர்த்த மறந்தேன்.
பணிந்த மூக்கு அலைக்குள் புதைந்து
ஒரு வாளிக் கடலை அவன் மடியில் கொட்டியது.

நூற்றுப் பதினாறு,
என்றான் ரூரிக்,
சொட்டச் சொட்ட.