எட்டு டிகிரிப் புல்

நாலு மணி. ஆல்காய் மலையடியில்
இருட்டு இன்னும் ஈரமாக இருந்தது.
ரோஸ்விதா வேனின் பின்கதவைத் திறந்து
ட்ரோனுக்கு இறக்கை மாட்டினாள்.
கொர்பினியான் டிராக்டரை அணைத்துவிட்டு
வானத்தைப் பார்த்தான். மத்தியானம் மழை.
அதற்குள் புல்லை அறுத்துச் சுருட்டியாக வேண்டும்.

என் வேலை நடப்பது.
ஒரு மரப்பெட்டி, ஒரு ஜோடி கையுறை,
காதில் அவள் குரல்.

இடுப்பளவுப் புல்லுக்குள் எங்கோ
பிறந்து பத்து நாளான மான்குட்டிகள்.
நரி வந்தாலும் ஓடாது, எந்திரம் வந்தாலும் ஓடாது.
ஆபத்துக்கு அதனிடம் இருப்பது ஒரே பதில்:
இன்னும் தாழ்ந்து, இன்னும் அசையாமல்
முதுகுப் புள்ளிகளோடு புல்லாகிவிடுவது.
போன வருடம் கொர்பினியான்
பிளேடுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டான்.
அதைப் பற்றி அவன் பேசியதில்லை.
இந்த வருடம் அவன்தான்
ரோஸ்விதாவுக்கு முதலில் போன் செய்தான்.

உருவத்தை ஒளிக்கலாம். சூட்டை ஒளிக்க முடியாது.

கெட்டில், கல், சுவர், கன்னம்,
எதற்கும் தன் சூட்டைப் பொத்திவைக்கத் தெரியாது.
இறைத்துக்கொண்டே இருக்கிறது, ஒளியாக,
சிவப்பைத் தாண்டி, கண்ணின் கதவுக்கு வெளியே.
அகச்சிவப்பு என்கிறோம்.
அகம் என்றால் உள்ளே. அகம் என்றால் வீடும்தான்.
குளிர்காலத்தில் ரோஸ்விதா வீடுகளைப் படமெடுப்பாள்:
ஜன்னலோரம் வழியும் ஆரஞ்சு,
கூரை விரிசலில் கசியும் ஹீட்டர் கட்டணம்.
ஒருமுறை, அதிகாலையில், ஒரு தம்பதியின் அறையில்
இரட்டைக் கட்டிலின் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம்.
"அதை நான் அறிக்கையில் எழுதவில்லை" என்றாள்.

"நில். இடப்பக்கம், நாற்பது அடி."
முதல் புள்ளி முயல்.
இரண்டாவது பண்ணைப் பூனை, என்னை முறைத்தது.
மூன்றாவது வேலியோரம் நீண்ட வெள்ளைக் கோடு,
பார்க்கப் பார்க்க மங்கியது.
"கொர்பினியான், முதலில் பேன்ட்டை மாட்டு"
என்று ரோஸ்விதா மலைக்கே கேட்கும்படி கத்தினாள்.

நான்காவது, குட்டி.
முப்பத்தெட்டு டிகிரி.
என் வாடை ஒட்டாமலிருக்க
கை நிறையப் புல் பிடுங்கி, புல்லோடு சேர்த்துத் தூக்கினேன்.
இரண்டு ரொட்டியின் எடை.
கையுறைக்குள் ஏதோ வேகமாகத் தட்டியது.
என் நாடியா அதனுடையதா, தெரியவில்லை.
பெட்டியை நிழலில் வைத்து மூடினேன்.

ஐந்து மணி தாண்டிவிட்டது.
சூரியன் வரும்வரைதான் இந்தக் கண்ணுக்குப் பார்வை.
வெயில் ஏறினால் கல்லும் மண்மேடும் சுட்டு
வயல் முழுக்க மான்குட்டிகள்.

"வலப்பக்கம் ஒன்று. மங்கல். சீக்கிரம்."
ஓடினேன். ஒன்றுமில்லை.
அமுங்கிய புல், ஒரு தட்டின் அகலம்.
கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்தேன்.
வெதுவெதுப்பு.
யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி.
"பிரகாசமாகிறதே!"
"அது என் கை."
"எடு."
எடுத்தேன்.
"இன்னும் இருக்கிறது" என்றாள்.
"உன் ஐந்து விரலும் தெரிகிறது."
சற்று நேரத்தில் எட்டு டிகிரிப் புல்
அவற்றையும் வாங்கிக்கொண்டது.

தாய் கூட்டிப்போனதா,
பத்தடி தள்ளிப் படுத்துவிட்டதா?
மலைமுகட்டில் முதல் வெயில்.
திரையெங்கும் பொய்ப்புள்ளிகள்.
கொர்பினியான் வந்தான், அமுங்கிய இடத்தைப் பார்த்தான்.
எதுவும் கேட்கவில்லை.
நாலு கழி நட்டு, அந்த மூலையை விட்டுவிட்டு
மீதியை அறுத்தான்.
பெட்டியைத் திறந்ததும் குட்டி காட்டுப்பக்கம் ஓடியது,
எங்களுக்கு நன்றி சொல்லும் எண்ணமே இல்லாமல்.

மழை பதினொன்றுக்கே வந்துவிட்டது.

இரவு சோபாவில் ரிமோட்டை அழுத்துகிறேன்.
அதன் நெற்றியில் ஏதோ மினுக்குகிறது,
டிவிக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.
போன் கேமராவை எதிரே பிடித்தால்
ஊதாவாகத் தெரியும் என்றிருந்தாள் ரோஸ்விதா.
பிடித்துப் பார்த்தேன். தெரிந்தது.
அதே போனில்
மூன்றரைக்கு அலாரம் வைத்தேன்.
நாளைக்கு ஆற்றங்கரை வயல்.