கூட்டாத தொகை

விலை பேசப் போன என்னிடம்
வண்டியைக் காட்டுமுன் நோட்டைத்தான் நீட்டினார் தாவ்னோ.
ஔலு நகரம். மார்ச். வாசலில் அழுக்குப் பனி.

பச்சை மையில் பதினோரு வருடம்:
கிளட்ச், ஆயிரத்து நானூறு யூரோ.
கூரைத்துணி கிழிந்தது. நானே தைத்தேன். ஒழுகுகிறது.
எண்ணெய். எண்ணெய். மறுபடி எண்ணெய்.
சாலை உப்பு தின்ற பிரேக் குழாய்.
இன்ஜினுக்குள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு பேரிங்,
அது போனால் எல்லாம் போகும் என்று
மெக்கானிக் இர்மெலி சொன்னதன் கீழே இரண்டு கோடு.
போகுமுன் மாற்றியாயிற்று. இந்தக் கோடையில் ஊர் சுற்றல் இல்லை.

யானையை வாங்கிவிடலாம், தீனி?
பாதி விலைக்கு வந்த போர்ஷே
நோய்ப்படுவது என்னவோ முழு விலைக்குத்தான்.

மனசுக்குள் கூட்டினேன்.
நாலாம் வருடமே
வாங்கிய விலையைத் தாண்டியிருந்தது.
அவர் கூட்டவேயில்லை.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோடு கிழித்து
வெறுமையாய் விட்டிருந்தார்.

நடுவே தொகை இல்லாத ஒரு பதிவு:
ஜூன் 19. வார்டிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை.
கெமி சாலை. மணி இரண்டு நாற்பது, வெயில் ஏறிவிட்டது.
யாருமில்லை. கூரையைத் திறந்தேன்.

ஐந்நூறு குறைத்துக் கேட்பதாய் இருந்தேன்.
வாய் முந்நூறு என்றது.

சாவியை உடனே தந்தார்.
நோட்டும் வேண்டும் என்றேன்.
அது எதற்கு என்று
பனியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தந்தார்.

இன்று அதில் நீல மை:
ஒன்பதாம் நாள். இழுவை வண்டி, நூற்றெண்பது.
இர்மெலி சிரிக்கவில்லை.
காபி ஊற்றினாள்.