மூன்றாம் மாடியில் எட்டு

காலி வீதியை நான் அறிந்திருப்பது
கடைகளின் பெயரால் அல்ல.
வெள்ளவத்தைச் சந்தைக்குப் பின்னால் ஒன்று, கொக்கி இல்லை,
காலால் கதவை அணைத்துப் பிடிக்கவேண்டும்.
பம்பலப்பிட்டியில் புடைவைக்கடை மேல்மாடியில் ஒன்று,
ஏதாவது வாங்கினால்தான் திறப்புத் தருவார்கள்;
அப்படி வாங்கிய கைக்குட்டைகள்
என் அலுமாரியில் பதினேழு.
பிறகு கொள்ளுப்பிட்டி வரை ஒன்றுமில்லை.
கொள்ளுப்பிட்டி வரை
கடலைப் பார்க்காமல் போவேன்.

ஐம்பத்தியொன்றில் மாதவிடாய் நின்றது.
இனி எந்த வெள்ளியும் கோயிலுக்குப் போகலாம்,
நாள் எண்ணத் தேவையில்லை என்று
பட்டுச்சீலை ஒன்றை வெளியில் எடுத்தேன்.
அந்த வெள்ளி
கற்பூரப் புகை தொண்டையில் ஏற
ஒரே ஒரு இருமல்.
மணி அடித்துக்கொண்டிருந்தது.
கூப்பிய கையோடு அசையாமல் நின்றேன்.
பக்கத்தில் நின்றவள் என் பக்தியைக் கண்டு
மரியாதையாக விலகினாள்.

இரண்டு வருஷம் ஒருவருக்கும் சொல்லவில்லை.
சொல்வதற்குச் சொல்லும் இருக்கவில்லை.
கீழே, அங்கே, அந்தப் பக்கம்:
திசை காட்டத் தெரியும் எனக்கு,
இடத்தின் பெயர் தெரியாது.
வங்கியில் இருபத்தாறு வருஷம்.
ஒரு சதம் பிசகினாலும்
இரவு பத்து மணிவரை இருந்து தேடுகிறவள்
இதை மட்டும்
'பிள்ளை பெத்தா அப்பிடித்தான்' என்று
அறவிடமுடியாக் கடனில் எழுதித் தள்ளினேன்.

பொரளைக் கிளினிக்கின் கதவில்
மூன்று மொழியில் பலகை.
தமிழில்: இடுப்புத்தளப் பயிற்சி.
தளம் என்பது எங்கள் ஃபிளாட்டில்
லிஃப்டுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பது.
எனக்குள்ளும் ஒன்று இருந்திருக்கிறது,
மேலே உள்ள அத்தனையையும் தாங்கிக்கொண்டு,
வாடகை கேளாமல்.

இமேஷா மிஸ்
துணியில் தைத்த இடுப்பெலும்பை மடியில் வைத்து
பாதித் தமிழில் சொன்னாள்:
"லிஃப்ட் எண்டு நினைங்க. கதவு மூடுறது.
முதலாம் மாடி. மூச்சு நிப்பாட்ட வேணாம்.
ரெண்டாம் மாடி. மூணாம் மாடி.
அங்க எட்டு எண்ணுங்க.
இப்ப மெதுவா இறக்குங்க, விழ விட வேணாம்."

"எங்கட லிஃப்ட் மார்கழியில இருந்து வேலை செய்யேல்லை மிஸ்."

பக்கத்துப் பாயில் ஷிஃபானா.
பிள்ளை பிறந்து பதின்மூன்று கிழமை.
தையல் இழுக்கிறது என்று
ஒருக்களித்தே உட்காருகிறவள்
வெடித்துச் சிரித்தாள்.
சிரித்த கையோடு முகம் மாறியது.
எனக்குத் தெரியும் அந்த முகம்.
கோயிலில் நான் போட்டிருந்தது.
"போயிட்டுதா?"
"கொஞ்சம்."
"எனக்கும்."
மிஸ் தலை நிமிராமல்
கொப்பியில் ஏதோ எழுதினாள், இரண்டு வரி.

இப்போது 154இல் பயிற்சி.
சிவப்பு விளக்கில் ஏற்று, பச்சையில் இறக்கு.
தும்முல்லைச் சந்தி
(பேரிலேயே என் எதிரி இருக்கிறது)
நீளமான சிவப்பு.
கொண்டக்டர் வந்து நிற்கும்போது
மூன்றாம் மாடியில் ஆறு எண்ணியிருப்பேன்.
என் முகத்தில் என்னத்தைக் கண்டானோ,
மிச்சக் காசு சரியாகத் தருகிறான்.

எல்லாம் மாறவில்லை.
கைப்பையில் மாற்று உள்ளாடை இன்னும் இருக்கிறது,
பழைய கடிதம்போல் மடித்து.
நேற்றுப் படியேறும்போது மனுசன் கேட்டார்,
"என்ன, வாய்க்குள்ள எண்ணிறீர்?"
கலியாணம் முடித்து இருபத்தெட்டு வருஷத்தில் முதல்தடவை
அந்த இடத்தைப் பெயர் சொல்லிச் சொன்னேன்.
அவர் அரிசிப் பையை மற்றக் கைக்கு மாற்றினார்.
"அதுக்கும் பேர் இருக்கோ."
வேறொன்றும் கேட்கவில்லை.
ஆனால் எனக்குப் பின்னால் அல்ல,
பக்கத்தில் ஏறினார்.

மூன்றாம் மாடியில் யாரோ
செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்கள்.
மூக்கின் நுனி கூசியது.
கைபிடியைப் பற்றினேன்.
கதவு மூடுறது.
முதலாம் மாடி.