விதவைக் காசு

நாரஹேன்பிட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே
குடைக் கம்பி உடைந்துவிட்டது.
நனைந்த பைலை முந்தானையில் துடைத்துக்கொண்டு
நூற்றுப் பதினெட்டு என்று கூப்பிடும்வரை இருந்தேன்.

பிள்ளை நல்லவள். தமிழும் கொஞ்சம் வந்தது.
என் இலக்கத்தைத் தட்டிப் பார்த்தாள்.
கிராண்ட்பாஸ் பிஸ்கட் கம்பனி, பதினாறு மாதம்,
எண்பத்தேழில் கல்யாணத்தைக் காட்டி எடுத்தது.
"கணக்கு மூடியாச்சு அம்மா."

தெரியும் மகள்.
அந்தச் சேமலாபக் காசில்தான்
அவருக்கு ஒரு ரலி சைக்கிள் வாங்கினோம்,
மருதானை ரயில்வே கந்தோருக்குப் போய்வர.
முப்பத்திரண்டு வருஷம் மிதித்தார்.
டயர் மாறியது, செயின் மாறியது,
சீட்டுக்கு உறை நான் தைத்தேன், ஐந்தோ ஆறோ.
ஒருநாளும் பிந்தவில்லை,
அதனால் இன்கிரிமென்ட் தவறவில்லை,
அதனால் பென்ஷன் குறையவில்லை.
சைக்கிளை எந்தப் படிவத்தில் எழுதுவது?

அதற்குப் பிறகு எங்கே வேலை என்று கேட்டாள்.
கொட்டாஞ்சேனையில், என்றேன்.
முதலாளி பெயர்?
சிரித்துவிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டே
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள்.
நாலு மணிக்கு எழும்பிய அத்தனை விடியலும்
ஒரு கோடு. நீலப் பேனை.

"உங்கட மாத்தையா அரசாங்கம்தானே,
விதவைப் பணம் வெட்டியிருப்பாங்க.
அவர் இருக்கிறாரா?"
இருக்கிறார்.
"அப்ப இப்போதைக்கு ஒன்றும் இல்லை"
என்றவள், சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல்
தலையைக் குனிந்துகொண்டாள்.

சம்பளச் சீட்டில் அந்த வரி மாதாமாதம் வரும்.
இருபத்து மூன்று வயசில், வயிற்றில் பிள்ளையோடு,
மாச் சாமான் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால்
என்னை விதவையாக்கி வைத்திருக்கும்.
"உன்ட காசு போகுது பார்" என்பார்,
பகிடிக்கு.
நான் அந்த மூலையை மடித்துவிட்டுத்தான் கூட்டுவேன்.

வீட்டுக் கதவைத் திறந்தவர்
குடையைத்தான் முதலில் பார்த்தார்.
"என்னவாம்?"
நீங்கள் இருக்கிறது பிழையாம், என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
பிறகு குறடு தேடிப் போனார், கம்பியை நிமிர்த்த.

அவருடைய பிரஷர் குளிசை
இன்னும் இரண்டு நாளைக்குத்தான் இருக்கிறது.
பார்மசிக்குப் போக
அவரிடம்தான் காசு கேட்க வேண்டும்.