நெஞ்சுக்கறி

ரிசார்ட்டுக்கு எட்டுக் கிலோ நெஞ்சு.
எலும்பில்லாமல், தோலில்லாமல், ஒரு நரம்புகூட இல்லாமல்.
ஆல்வின் காலை ஆறரைக்கே ஜீப்பை நிறுத்தி
ஹாரன் அடிப்பான்.
அவன் போனபிறகு
என் கட்டையில் மிஞ்சுவதெல்லாம் கால்.

அது ஒன்பது மணிவரை தாங்காது.
லைன் வீட்டிலிருந்து வரும் தவமணி
தொடையைக் கையில் தூக்கிப் பார்ப்பாள்,
தராசை நம்பமாட்டாள்.
"வெள்ளக் கறி பஞ்சு தம்பி.
மென்னா வாயில ஈரமே நிக்காது."
போஜன் கவுடருக்குக் காலோடு கழுத்தும் வேண்டும்.
நெஞ்சைக் காட்டினால்
நோயாளி வீட்டுக்குக் கொடு என்பார்.

ஊட்டி ஆர்ட்ஸ் காலேஜில் விலங்கியல் படித்தேன்.
இரண்டு பேப்பர் இன்னும் பாக்கி.
ஆனாலும் இது தெரியும்:
கோழி நாளெல்லாம் நிற்கிறது, நடக்கிறது, கிளறுகிறது.
நிற்கிற தசைக்கு மூச்சு வேண்டும்.
மூச்சைப் பிடித்துவைக்க ஒரு சிவப்பு வேண்டும்.
மயோகுளோபின்.
ரத்தம் இல்லை அது,
ரத்தத்துக்குச் சித்தப்பா மகன் முறை.
அதனால் கால் கருப்பு.
நெஞ்சு வெளுப்பு, ஏனென்றால்
அது வேலைக்கே போனதில்லை.

போன மார்ச் வரைக்கும் இப்படித்தான்
கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்
சொல்லிக்கொண்டிருந்தேன்.
கொஞ்சம் திமிரோடுதான்.
நானும் நாளெல்லாம் நிற்கிறவன்.

ஒரு புதன்கிழமை.
மேட்டுப்பாளையத்து வண்டியிலிருந்து
கூண்டை இறக்கும்போது கொக்கி விட்டுவிட்டது.
ஒரே ஒரு கோழி.
இரண்டேகால் கிலோ, நாற்பது நாள் வயது.
வானம் என்று அது பார்த்தது
கொண்டை ஊசி வளைவுகளில், கம்பி வழியாக.
கடைக்குப் பின்னால் சுவர் கிடையாது. சரிவு.
கோத்தகிரியில் எல்லாவற்றுக்கும் பின்னால் சரிவுதான்,
சரிவு முழுக்கத் தேயிலை.

அது ஓடவில்லை.
ஓடியிருந்தால் பிடித்திருப்பேன்.
அடித்தது பாருங்கள் சிறகை,
ஈரப் போர்வையை யாரோ கல்லில் அறைகிற சத்தம்.
சமவெளியில் என்றால் நாலடியில் விழுந்திருக்கும்.
இங்கே
மலை தன் பங்குக்குக்
கீழே இறங்கிக்கொண்டது.
சில்வர் ஓக்கின் இடுப்பு உயரத்தில்,
கொழுந்துக்காரிகள் கை நிறுத்தி அண்ணாந்து பார்க்க,
வெள்ளையாக ஒன்று பனிமூட்டத்துக்குள் போயிற்று.

எட்டு நொடி இருக்கும்.
பத்து இல்லை.

பாக்கி வைத்த பேப்பரில் இதுவும் இருந்தது,
நான் தள்ளிவிட்டுப் போன பக்கம்:
வெள்ளைத் தசை சோம்பேறி அல்ல.
சர்க்கரையை மூட்டைகட்டி வைத்துக்கொண்டு
காத்திருக்கிறது.
உண்ணிச்செடிப் புதருக்குள் காட்டுக்கோழி
சிறுத்தையின் மீசையைப் பார்க்கிற
அந்த ஒரு நொடிக்காக.
மூச்சுக்குக்கூடக் காத்திராமல் எரியும்.
எரிந்ததும் தீர்ந்துபோகும்.
தினமும் பறக்கிற புறாவுக்கு
நெஞ்சும் கருப்பு.

இறங்கிப் போய்த் தேடினேன்.
ஏழாவது வரிசையில், செடிக்கடியில்,
அலகைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது.
கை வைத்தபோதும் நகரவில்லை.
ஸ்டாண்டில் அணைக்காமல் நிற்கிற பஸ்போல
உள்ளங்கையில் அதிர்ந்தது நெஞ்சு.
தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன்.
என் தொடை எரிந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்,
கடை கடைதான்.
ஆனால் ஆல்வினுக்கு அன்று
முக்கால் கிலோ குறைந்தது.
கோபித்துக்கொண்டான்.

இரவு நானே சமைத்தேன்.
ஆறாயிரம் அடியில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்,
கறிதான் தாமதிக்கும்.
மிளகு கொஞ்சம் தூக்கலாகவே போட்டேன்.

தவமணி சொன்னது சரி.
பஞ்சுதான்.
ஈரமே இல்லை.
விழுங்க மனம் வராமல்
வெகுநேரம் மென்றுகொண்டிருந்தேன்.