மூன்று முறுக்கு

மொபெனியில் ஓட்டல் விரிப்புகள் வெளுக்கும் ஆலை.
பதினாறு வருடம் அங்கே நான் ஃபிட்டர்.
சூடான உருளைக்கு முன்னால் ஒரு கம்பி இருக்கும்,
சுண்டுவிரல் தடிமன்.
கை தெரியாமல் பட்டால் உருளை நின்றுவிடும்.
அவ்வளவுதான் அதற்கு வேலை.

ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது.
ஈரத்துணி உரசினாலும் நின்றது,
யாரோ தும்மினாலும் நின்றது,
ஒரு ஷிஃப்டில் நாற்பது தடவை.
புது ஸ்பிரிங் முந்நூற்றுப் பத்து ரேண்ட்.
இரண்டு தரம் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
டிசம்பர் மாதம். ஜோகன்னஸ்பர்க் முழுக்க
டர்பன் கடற்கரைக்கு இறங்கி வந்திருந்தது.
எல்லோருக்கும் வெள்ளை விரிப்பு வேண்டும்.
"கட்டிப் போடு தயா, ஜனவரியில் பார்க்கலாம்"
என்றார் மேனேஜர்.
கட்டுக்கம்பி எடுத்தேன்.
மூன்று முறுக்கு.
குறடால் முனையை மடக்கியும் விட்டேன்,
யார் கையையாவது கீறிவிடப் போகிறதே என்று.

சாலாட்சி மூட்லி கத்தினாள் என்கிறார்கள்.
கத்தவில்லை. நான் அங்கே இருந்தேன்.
"நிறுத்து" என்றாள்,
பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாற்போல.
மெயின் சுவிட்ச் சுவரின் அந்தக் கோடியில்.
நான் ஓடியது இருபத்திரண்டு அடி.
பிறகு ஒருநாள் யாருமில்லாதபோது அளந்து பார்த்தேன்.

விசாரிக்க வந்தவர் கேட்டார்:
கம்பி வேலை செய்ததா?
அதற்குள் புது ஸ்பிரிங் மாட்டியாகிவிட்டது.
"செய்கிறது" என்றேன்.
காலத்தை மட்டும் மாற்றிச் சொன்னேன்.
எழுதிக்கொண்டு போனார்.

வலது கைக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறதாம்.
நடுவிரலுக்கு இத்தனை சதவீதம்,
மோதிரவிரலுக்கு இத்தனை,
மடங்காத மணிக்கட்டுக்கு இத்தனை.
கூட்டி ஒரு தொகை கொடுத்தார்கள்.
வக்கீலுக்குப் போனது, கடனுக்குப் போனது,
ஒழுகிய கூரைக்குப் போனது.
அடுத்த தீபாவளிக்குள் தீர்ந்துவிட்டது.

தொடையில் தோல் எடுத்த இடம்
ஜூலைக் குளிரில் இன்னும் அரிக்கிறது.
பென்ஷன் ஆபீஸ் இயந்திரம் கட்டைவிரலை வை என்கிறது.
வைக்கிறாள். ரேகை இல்லாத தோல்.
மறுபடி வை என்கிறது.
பின்னால் வரிசை முணுமுணுக்கிறது.
மகள் திரோஷினி நர்சிங் படிப்பை இரண்டாம் வருடம் விட்டாள்.
சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள்;
அம்மாவுக்குக் கொக்கி மாட்டி, தலை பின்னி,
அப்புறம்தான் டாக்ஸிக்கு ஓடுகிறாள்.
கணவன் கட்டிலின் இடப்பக்கத்துக்கு மாறிக்கொண்டான்.
ஏன் என்று இருவரும் பேசியதில்லை.

ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும்போது
அண்டாவைத் துடுப்பால் கிண்டுகிறவள் அவள்தான்.
இப்போது கேட் ஓரம் நிற்கிறாள்.
காற்று திரும்பி ஆவி அந்தப் பக்கம் வந்தால்
தெருவுக்கே போய்விடுகிறாள்.
தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு முறுக்கு பிழிந்து அனுப்புவாள்.
இந்த வருடமும் வந்தது,
கடை முறுக்கு, விலைச்சீட்டைக் கிழிக்காமல்.

சனிக்கிழமைதோறும் போகிறேன்.
கேஸ் மாற்றுவேன், ஜன்னல் கொண்டிக்கு எண்ணெய் விடுவேன்.
ஊறுகாய் பாட்டிலை நீட்டுவாள், திறந்து தருவேன்.
அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.
தெரியும் என்கிறாள் என் மனைவி.

போன வாரம் வாயெடுத்தேன்.
"அந்தக் கம்பியை..."
ஒரு மாங்காய்த் துண்டை இடது கையால் எடுத்துத்
தட்டில் வைத்தாள். நிதானமாக.
நான் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.
"இறுக்காதே தயா," என்றாள்,
"ராத்திரி நான்தான் திறக்கணும்."

பழகிய கை.
அதற்குள் கடைசி வரை திருகிவிட்டிருந்தது.
மறுபடி திறந்து கொடுத்தேன்.