மூன்றரை மீட்டர்

இஸ்மிரிலிருந்து வந்த தோல்கா
மேசைமேல் விரித்த படத்தில்
எங்கள் கிடங்கு இருந்தது.
தூசி இல்லை, பூனை இல்லை,
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நான் இல்லை.
நீலத் தூண்கள்,
ஆரஞ்சு நிறக் குறுக்குச் சட்டங்கள்.

தேநீர் கேட்கத்தான் கூப்பிட்டார்கள் என்று
கதவோரமே நின்றேன்.
"உட்கார், ஷாஹிகா. ஓட்டப்போவது நீதானே"
என்றார் முதலாளி ஹுலுசி.

"உள்ளே ஓட்டிப்போகும் அடுக்கு" என்றான் தோல்கா.
"இடையில் பாதைகளே வேண்டாம்.
இதே தரையில் தொள்ளாயிரம் பேலட்."
இப்போது நிற்பது ஐந்நூற்று நாற்பது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கணக்கு பிடித்துவிட்டால்
அவருக்குக் கண்ணாடி அழுக்காகிவிடும்.

நான் கேட்டேன்:
அந்தச் சுரங்கத்தில் முதலில் நுழைந்த பெட்டி
எப்போது வெளியே வரும்?

"கடைசியில்."

அப்படியானால் போன செப்டம்பரின் திராட்சை
சுவரோடு ஒட்டிக் கிடக்கும்.
முன்னால் வந்ததெல்லாம்
ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தபிறகு
அதன் முறை வருவதற்குள்
சர்க்கரை பூத்து, நறநறவென்று,
யாரும் கையில் வாங்காத பண்டமாகிவிடும்.

தோல்கா பக்கத்தைப் புரட்டினான்.
சாய்ந்த தளம், உருளைகள்.
பின்னால் வைத்தால் தானே உருண்டு
முன்னால் வந்து நிற்கும், வந்த வரிசைப்படியே.
விலையைச் சொன்னான்.
முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மிச்சமிருந்தது பழைய மாதிரிதான்:
ஒவ்வொரு பேலட்டுக்கும் ஒரு முகம்,
ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பாதை.
"பாதை மூன்று மீட்டர் பத்து போதுமே,
இப்போது அதில்தானே ஓட்டுகிறாள்?"

ஓட்டுகிறேன்.
பின்சக்கரம் திரும்பும்போது
மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு ஓட்டுகிறேன்,
நான் ஒல்லியானால்
வண்டியும் ஒல்லியாகும் என்பதுபோல.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
மேசையில் பேனா திறந்திருந்தது,
மூன்று மீட்டர் பத்து என்று எழுத.

"ஏழாம் வரிசையில் மூன்றாவது தூண்,
முழங்கால் உயரத்தில்
ஒரு கட்டைவிரல் அளவு உள்வாங்கியிருக்கிறது.
நான்தான் இடித்தேன்.
இரண்டு வருடமாகிறது."

தோல்கா படத்தைச் சுருட்டாமலே எழுந்தான்.
மூவரும் இறங்கிப் போனோம்.
அவன் மண்டியிட்டு டார்ச் அடித்தான்,
பிறகு மேலே பார்த்தான்:
நான்கு தளம், எட்டு பேலட்,
ஒவ்வொன்றும் ஒரு டன்.
அத்தனையோடும்
நான் சொல்லாததையும் சேர்த்தே
தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது அந்தத் தூண்.

"இந்தப் பக்கம் நிலநடுக்கம் வருமா?" என்றான்.
கேட்க வேண்டுமென்று கேட்டான்.
அலாஷெஹிரில் நிலம்
அவ்வப்போது தோள் குலுக்கும்.
விளக்கு ஆடினால் பேச்சை நிறுத்துவோம்,
நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

முதலாளி தூணின் பள்ளத்தில்
விரலை வைத்தார்.
விரல் பொருந்தியது.
"இறக்கு" என்றார்.

மேலிருந்து தொடங்கினேன்.
எட்டாவது பேலட் தரை தொட்டபோது
கிடங்கில் யாரும் பேசவில்லை.
சுமை போனால் நிமிரும் என்று
எனக்கொரு எண்ணம் இருந்தது.
அது கொஞ்சமும் அசையவில்லை.
பூனை வந்து அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டது.

தோல்கா பெட்டியொன்றின் மேல் காகிதம் வைத்து
புதிதாகக் கோடு போட்டான்.
பாதை மூன்றரை மீட்டர்.
தூணடியில் மஞ்சள் காவல் இரும்பு.
கனத்த அடித்தட்டு, நான்கு போல்ட்.
மொத்தம் நானூற்று எண்பது.

"அறுபது குறைகிறதே" என்றார் முதலாளி,
கண்ணாடியைத் தொடாமல்.
அந்த அறுபதுக்கும் வெளியே வாடகைக்கு இடம் தேடவேண்டும்.
அதை யார் சம்பளத்தில் பிடிப்பார் என்று
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எந்த மாதம் இடித்தாய்?"

அறுவடை வந்து இறங்கிய மாதம்.

அவர் கையெழுத்துப் போட்டார்.
பேனாவை மூடிக்கொண்டே,
என்னிடம் அல்ல, அந்தத் தூணிடம் சொன்னார்:
"அப்போது இவளுக்கு இரண்டு ஷிப்டு போட்டிருந்தேன்."